அணைக்க வேண்டாம், தணித்தால் போதும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளின் எல்.இ.டி. பெயர்ப்பலகைகளால் ராத்திரித் தூக்கம் கெடுகிறது, பத்து மணிக்கு மேல் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் போன வாரம் உங்கள் பக்கத்தில் படித்தேன். தூக்கம் கெடுகிறது என்பதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. என் வீட்டிலும் ஆறு மாதம் அதே கதைதான். ஆனால் அணைத்தால்தான் தீரும் என்கிறாரே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் 31 வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள்தான் எங்கள் சந்து முழுக்க. தமிழ் போர்டுக்குச் சமமாக வங்காளி எழுத்து போர்டு இருக்கும். சாயங்காலமானால் கடுகெண்ணெய் வாசனை வரும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாமல் போனது எதிர் லாட்ஜ்காரர் புதிதாக மாட்டிய போர்டுதான்.

அக்ரிலிக் எழுத்துக்கு உள்ளே வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டிய போர்டு. எங்கள் முன்னறை ஜன்னலுக்கு நேராக, இருபதடி தூரத்தில். அந்த அறையில்தான் 84 வயது அம்மா படுக்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு வெளிச்சம் அவருக்கு முன்னைவிடக் கூடுதலாகவே உறைக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "விடிஞ்சிடுச்சாடி, பால்காரன் வந்துட்டானா?" என்று கேட்பார். ஜன்னலைச் சாத்தலாமே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்வதில்லை. மே மாதம் எங்கள் சந்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கச் சொன்னால் அது தண்டனை.

லாட்ஜ்காரர் நல்ல மனிதர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். போய்ச் சொன்னேன். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. "அக்கா, காட்பாடியில நடுராத்திரி ரயில் இறங்கி, உடம்பு முடியாதவங்களை ஆட்டோவுல வச்சு வர்றாங்க. மொழி தெரியாது. போர்டு எரிஞ்சாத்தானே அடையாளம்?" என்றார். சரிதானே. பத்து மணிக்கு அணைக்கச் சொல்லும் வாசகர் இந்த ஆட்டோவில் வருகிறவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போர்டு எரியட்டும், இவ்வளவு எரிய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வந்த பையன் என்னைப் பார்த்ததும் "மேடம்!" என்றான். எங்கள் லேபில் படித்தவன். "எல்.இ.டி.ல கம்மி பண்றதெல்லாம் வராது மேடம். எரிஞ்சா முழுசா எரியும், இல்லன்னா இல்ல" என்றான். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைக் கொண்டுவந்து போர்டின் பவர் சப்ளைக்கு முன்னால் மாட்டினான். ரெகுலேட்டரைத் திருகத் திருக ஒன்றும் குறையவில்லை. ஒரு கட்டத்தில் சப்ளை 'ங்' என்று முனகி, போர்டு அணைந்து அணைந்து எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அந்த சப்ளையின் வேலையே, உள்ளே வரும் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே 12 வோல்ட்டை விடாமல் கொடுப்பதுதான். நாம் பின்னால் இழுக்க இழுக்க அது ஈடுகட்டிக்கொண்டே போகும், முடியாதபோது படுத்துவிடும், மறுபடி எழப் பார்க்கும்.

அப்படியானால் 12 வோல்ட்டையே குறைத்துவிடலாமே என்று அடுத்து தோன்றும். அந்த ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.இ.டி.யாக வரிசையில் கோத்து, ஒவ்வொரு மூன்றுக்கும் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். கத்திரிக்கோல் படம் போட்ட கோட்டில்தான் வெட்ட வேண்டும் என்பது அதனால்தான். ஒரு வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கு 9. மீதி 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தின்னும். எட்டு வோல்ட்டுக்கு வந்தால் போர்டே இருட்டு. ஆக முழு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது நாலு வோல்ட் இடைவெளி, அதிலும் கொஞ்சம் அசைத்தால் வெளிச்சம் நிறைய மாறும். ஒயர் நீளம் அதிகமான கடைசி எழுத்து முதலில் மங்கும். லாட்ஜ் பெயரில் கடைசி இரண்டு எழுத்து இல்லாமல் போனால் என்ன அர்த்தம் வரும் என்று இங்கே எழுத மாட்டேன்.

நான் செய்தது வேறு. வோல்ட்டைக் குறைக்கவே இல்லை. 12 வோல்ட்டை முழுசாகக் கொடுத்து, உடனே நிறுத்தி, மறுபடி கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டு விட்டு எரிய வைத்தேன். கார்த்திகை தீபத்துக்கு எங்கள் பக்கம் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் முடிந்து, நெருப்பு வைத்துச் சுழற்றினால் பொறி வட்டமாகத் தெரியும். அங்கே வட்டம் கிடையாது. ஒரே ஒரு நெருப்பு முடிச்சு ஓடுகிறது, கண்தான் அதை இழுத்து வட்டமாக்கிக் கொள்கிறது. இங்கேயும் அதே ஏமாற்று. நூறில் பத்து பங்கு நேரம் எரிந்து தொண்ணூறு பங்கு நேரம் அணைந்திருந்தால், கண் அதை, பத்து பங்கு மின்சாரத்தில் நிலையாக எரிகிற விளக்காகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். பி.டபிள்யூ.எம். (பல்ஸ் விட்த் மாடுலேஷன்) என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

இதைச் செய்ய கம்ப்யூட்டர் சிப் எதுவும் வேண்டாம். 555 என்ற எட்டுக் கால் டைமர் ஐ.சி. போதும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-ல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது, அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. இன்னும் பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி கிடைக்கிறது. உள்ளே மூன்று 5 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று பெயர் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த மூன்று ரெசிஸ்டர் இருப்பது நிஜம், பெயர் அதனால் வரவில்லை என்று காமென்சிண்டே சொல்லியிருக்கிறார் என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் திருத்திக் கொள்ளவும்.

அது வேலை செய்யும் விதம் மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் மாதிரிதான். தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறினால் மோட்டார் நின்று வடிகால் திறக்கும். இங்கே டேங்க் என்பது ஒரு சின்ன கண்டென்சர். சப்ளை 12 வோல்ட் என்றால் 4 வோல்ட்டுக்கும் 8 வோல்ட்டுக்கும் நடுவே அது நிரம்பி வடிந்து கொண்டே இருக்கும். நிரம்பும் நேரமெல்லாம் 3-வது காலில் மின்சாரம் வரும், வடியும் நேரமெல்லாம் வராது. நிரம்ப ஒரு குழாய், வடிய ஒரு குழாய் என்று, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு இரண்டு வைத்துப் பிரித்துவிட்டு, நடுவில் 100 கே வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைப் போட வேண்டும். திருகினால் நிரம்பும் நேரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வடியும் நேரம் குறையும். மொத்தம் மாறாது. அதாவது துடிக்கும் வேகம் அப்படியே இருக்க, எரியும் பங்கு மட்டும் மாறும்.

இவ்வளவு தெரிந்தவள் முதல் தடவையே சரியாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கண்டென்சரில் தப்பு விட்டேன். செராமிக் கண்டென்சர் மேல் 104 என்று போட்டிருந்தால் 10-க்குப் பின்னால் நாலு சைபர், அவ்வளவு பிக்கோ ஃபேரட், அதாவது 0.1 மைக்ரோ. 105 என்றால் 1 மைக்ரோ. லென்ஸ் இல்லாமல் பார்த்ததில் 104 என்று நினைத்து 105-ஐப் பற்றவைத்துவிட்டேன். அடுக்களை மேடையில் ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்பை வைத்து ஸ்விட்ச் போட்டால் படபடவென்று அடித்தது. அம்மா கையால் கண்ணை மூடிக்கொண்டு, "எடுத்துத் தூர வைடி" என்று கத்தினார். கணக்குப் போட்டால் வினாடிக்கு 14 தடவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் சந்தில் இது வேடிக்கை விஷயமில்லை. வினாடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டும் வெளிச்சம், அதற்கு ஆளாகும் தன்மை உள்ளவர்களுக்கு வலிப்பையே கொண்டுவரக் கூடியது. எதிர் லாட்ஜில் தங்குகிறவர்களில் நரம்பியல் நோயாளிகள் நிறைய. அவர்கள் தலைக்கு மேல் 14 தடவை வெட்டும் போர்டை நான் மாட்டியிருந்தால்? ஓடுகிற எழுத்து, வெட்டுகிற சீரியல் பல்பு போட்டு ஆளை இழுக்கும் கடைக்காரர்களும் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம். ஆஸ்பத்திரி இருக்கிற வீதியில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்த ஒன்றுக்கு உத்தரவு போடச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

104-ஐ மாற்றினேன். இப்போது வினாடிக்கு 140 சொச்சம். கண்ணுக்கு நிலையான வெளிச்சம்தான். ஆனால் செல்போன் கேமராவைக் காட்டினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. விரலை வெளிச்சத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டினால் ஒரு விரல் ஐந்தாறாகத் தெரிந்தது. தலைவலிக்காரர்களுக்கு இது ஆகாது. விசைத்தறி, லேத் ஓடுகிற இடத்தில் இன்னும் மோசம். துடிப்பும் சுற்றும் ஒத்துப்போனால் ஓடுகிற சக்கரம் நிற்கிற மாதிரி தெரியும். குடியாத்தம் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், ராணிப்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்கள் மலிவான பல்பு வாங்கும்போது இந்த செல்போன் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள். நேராக வீட்டுக் கரண்டிலேயே ஓடும் மட்டமான எல்.இ.டி. பல்பு பல, வினாடிக்கு 100 தடவை துடிக்கிறவைதான்.

கடைசியில் 103 போட்டேன். 0.01 மைக்ரோ. துடிப்பு வினாடிக்கு 1,400 சுமார். எல்.இ.டி. துடிப்பைப் பற்றி 2015-ல் ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரையில், 1,250-க்கு மேல் போனால் ஆபத்து குறைவு, அதற்கு மேல் கட்டுப்பாடு வேண்டாம் என்று இருக்கிறது. நம்முடையது தாண்டிவிட்டது. கேமராவில் இன்னும் மெல்லிய கோடுகள் தெரிந்தன. விரலை ஆட்டினால் ஒரே விரல்தான்.

அப்புறம் பாரம். 555 அதிகபட்சம் 200 மில்லி ஆம்பியர் தரும். போர்டில் இருப்பது பத்து மீட்டர் ஸ்ட்ரிப், 4 ஆம்பியர், 48 வாட். எனவே 3-வது காலிலிருந்து 100 ஓம் வழியாக ஐ.ஆர்.எஃப்.இசட்.44 என் என்ற மாஸ்ஃபெட்டின் (பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) கேட்டுக்கு, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் காலுக்குக் கொடுத்து, கேட்டிலிருந்து எர்த்துக்கு (12 வோல்ட் சப்ளையின் மைனஸுக்கு, வீட்டு எர்த் அல்ல) ஒரு 10 கே. போர்டின் பிளஸ் நேராக 12 வோல்ட்டுக்கு, மைனஸ் மாஸ்ஃபெட் வழியாக எர்த்துக்கு. முழு 4 ஆம்பியர் ஓடினாலும் அந்த மாஸ்ஃபெட்டில் வீணாவது கால் வாட்டுக்குக் கொஞ்சம் மேல். தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. இதையே 5 வோல்ட் ஸ்ட்ரிப்புக்குச் செய்யாதீர்கள். கேட்டுக்கு அந்த வோல்ட் பத்தாது, மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து கொதிக்கும். சாமான் எல்லாம் லாங் பஜார் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது, நூறு ரூபாய்க்குள். ஒரு காலத்தில் ஒரு டிரான்சிஸ்டருக்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏறியிருக்கிறேன்.

அந்த எலெக்ட்ரீஷியன் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பற்றவைத்தேன். பரீட்சையில் இந்த ஐ.சி.யைத்தான் எழுதினான். ஏஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர், அதாவது தானாக விட்டு விட்டுத் துடிக்கும் சர்க்யூட், அதன் படம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் கடைசி வரி "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு முடிந்துவிட்டது. அதை வைத்து ஒரு கிழவியைத் தூங்க வைக்கலாம் என்று நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த நோட்டை அவனிடம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

மாட்டிய அன்று லாட்ஜ்காரர் வாசலில் நின்று பார்த்தார். பாதிக்குத் திருகினேன். "ஒண்ணும் கொறையலையே அக்கா" என்றார். உண்மைதான். மின்சாரம் பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. பாதியாகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். நம் கண் இருட்டைத் துருவிப் பார்க்கவும் வெயிலைச் சமாளிக்கவும் பழகினது, அது கொஞ்சத்துக்கெல்லாம் அசையாது. இன்னும் இறக்கி, நூறில் 12 பங்கில் நிறுத்தினேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் பெயர் தெளிவாகத் தெரிந்தது. சொல்லப் போனால் முன்பு கண் கூசியதால் எழுத்தே ஒன்றோடொன்று கலங்கித் தெரியும், இப்போது தனித்தனியாக நின்றது. அம்மா அறைச் சுவரில் நிழல் விழவில்லை.

48 வாட் கிட்டத்தட்ட 6 வாட் ஆனது. ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 10 யூனிட் மிச்சம் என்று சொன்னேன். அம்மா தூக்கத்தைப் பற்றி ஆறு மாதம் சொன்னது ஏறாத காதில் இது உடனே ஏறியது. அடுத்த நாளே மாடிப்படி விளக்குக்கும் ஒன்று கேட்டார். அது நேரடி 230 வோல்ட் பல்பு, இந்த சர்க்யூட் அதற்கு ஆகாது, கை வைக்காதீர்கள் என்று சொல்லித் தடுத்தேன். வாசகர்களுக்கும் அதேதான். சப்ளைக்குப் பின்னால் இருக்கும் 12 வோல்ட் பக்கம் மட்டும் தொடலாம்.

ரிசப்ஷனில் இருக்கும் பையன் சாயங்காலம் முழுசாக வைத்துவிட்டு, பத்து மணிக்கு எவ்வளவு திருக வேண்டும் என்று மறந்துவிடுகிறான். அதற்காகக் குமிழ் பக்கத்தில் 12 பங்கு வரும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். சிவப்பு, பெரிய சைஸ்.

வேலூரில் போர்டு செய்கிறவர்கள் நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு இந்தக் குமிழை உள்ளேயே வைத்துக் கொடுக்கலாம். கடைகளில் ரெடிமேட் டிம்மரும் விற்கிறது, அதை வாங்கினால் செல்போனைக் காட்டிப் பட்டை ஊர்கிறதா பார்த்துவிட்டு மாட்டுங்கள். போர்டுக்கு அனுமதி கொடுக்கும்போதே ராத்திரிக்கு வெளிச்சம் குறைக்க வழி இருக்கிறதா என்று மாநகராட்சி ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த வாசகர் கேட்கும் உத்தரவைவிட இதற்குச் சண்டை குறைவாக வரும் என்று நினைக்கிறேன்.

சர்க்யூட் படத்தைக் கையால் வரைந்து இதோடு இணைத்திருக்கிறேன். இடம் இல்லையென்றால் படத்தை விட்டுவிடுங்கள், ஒரு வரியை மட்டும் எடுக்காமல் போடுங்கள்: பிளஸ்ஸுக்கும் 7-வது காலுக்கும் நடுவே 1 கே ரெசிஸ்டர் கட்டாயம். அது இல்லாவிட்டால் வடிகால் திறக்கும்போது சப்ளை நேராக எர்த்துக்குப் போய் ஐ.சி. செத்துவிடும். லேபில் வருடத்துக்குப் பத்தாவது அப்படித்தான் போகும். என் பெயரும் வேண்டாம், லாட்ஜ்காரத் தம்பி சங்கடப்படுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் உதவியாளர்,
தோட்டப்பாளையம், வேலூர்.